அண்ணிக்குக் கொடுத்த வாக்கு

அண்ணி போன் செய்தபோது பொடிசு முதியோர் இல்லத்தில் பதினோராம் நம்பர் கட்டில் வாத்தியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாத்தியார் ஒரு கரண்டியை விழுங்க மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வார். நடுவில் எழுந்து போனால் வாயை இறுக மூடிக்கொண்டுவிடுவார், அப்புறம் அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான். அதனால் இடுப்பில் செருகியிருந்த போன் துடித்து ஓயும்வரை விட்டுவிட்டாள். கிண்ணத்தை வழித்து ஊட்டி, வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்த பிறகுதான் எடுத்துப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்ததில்லை.

துணி உலர்த்தும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"உங்க அண்ணனுக்கு முடியல," என்றாள் அண்ணி. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "முதுகெலும்புல கட்டி. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. இனிமே செய்ய ஒண்ணும் இல்லேன்னு ஆஸ்பத்திரியில அனுப்பிட்டாங்க. வால் எலும்புகிட்ட புண்ணு வந்திருக்கு. எனக்குப் புரட்டிப் போடத் தெரியல. முதுகைத் தொட்டா கத்தறாரு."

"நான் வர்றேன் அண்ணி."

"இரு, முழுசா கேளு. நீ வரலாம். ஆனா இந்த வீட்டுக்குள்ள உன் சாமி பேச்சு ஒரு வார்த்தை வரக்கூடாது. அவர் காதுலயும் விழக்கூடாது, என் காதுலயும் விழக்கூடாது. புஸ்தகம் கொண்டு வராதே. பாட்டு முணுமுணுக்காதே. வாக்கு கொடுத்தா வா."

"கொடுக்கிறேன்."

"சட்டுனு சொல்லாதே. யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க ஒண்ணும் இல்ல அண்ணி."

லீவு எழுதிக் கொடுத்தாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு எடுத்ததில்லை என்பதால் மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், கேள்வி கேட்கவில்லை. பைபிளைத் துண்டில் சுற்றி லாக்கரில் வைத்துப் பூட்டினாள் பொடிசு.

பொடிசு என்பது அண்ணன் வைத்த பேர். பிறந்தபோது உள்ளங்கை நீளம்தான் இருந்தாளாம். எட்டு வயது அண்ணன் எட்டிப் பார்த்து, "இந்தப் பொடிசுக்கா இவ்வளவு நேரம் காத்திருந்தோம்?" என்று கேட்டானாம். இப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து. எண்பது கிலோ ஆளை ஒற்றையாகப் புரட்டிப்போடும் புஜங்கள். இல்லத்துக்கு வந்த புதிதில் வாய்தவறி அந்தப் பேரைச் சொல்லிவிட்டதால் அங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணம் அமையவில்லை. அமையவில்லையே என்று கவலைப்பட்ட ஒரே ஆள் அம்மா, அவளும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

அண்ணன் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைப்பவர். தெருவைப் பார்த்த முன்கூடம்தான் பட்டறை. பின்னால் ஓர் அறை, ஒரு சமையலறை. மகன் சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் தண்ணீரிலேயே இருப்பான். அண்ணன் படுத்த பிறகு தையல் மிஷினில் அண்ணி உட்கார்ந்துவிட்டாள். பொடிசு போய் இறங்கியபோது மழை பிடித்திருந்தது. பட்டறை முழுக்க நுரைமெத்தைப் பலகைகளும் பசை வாசனையும். அந்த வாசனையை மீறி பின்னறையிலிருந்து இன்னொரு வாசனை வந்தது. புண் எவ்வளவு ஆழம் என்று நிலைப்படியில் நிற்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

"அண்ணா, நான் வந்திருக்கேன்."

அவர் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஒரு பழைய விரிப்பை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் குறுக்காகச் செருகினாள். "அண்ணி, அந்தப் பக்கம் ஓரத்தைச் சுருட்டிப் பிடிங்க. உடம்பைத் தொடாதீங்க, துணியை மட்டும் இழுங்க. ஒண்ணு, ரெண்டு, இப்ப." அண்ணன் கத்தவில்லை. கத்துவதற்குள் திரும்பியிருந்தார். அண்ணி துணியின் ஓரத்தை விடாமல் பிடித்தபடி நின்றாள். இரண்டு வாரமாகத் தனியாகப் போராடியது இவ்வளவுதானா என்பதுபோல் அவள் உதடு கோணியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, நேர், வலது. உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, ஒற்றி எடுத்து, துணி வைத்துக் கட்டுவது. மூத்திரப் பையை வடிப்பது. குதிகாலுக்கு அடியில் தலையணை. விரிப்புகளைத் துவைத்துப் பட்டறையில் கயிறு கட்டி உலர்த்துவது. மழையில் அவை காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். பொடிசு பட்டறையிலேயே நுரைத் துண்டுகளை அடுக்கிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் அண்ணன் அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி சொல்லி, பொடிசு கொண்டுபோய்க் கொடுத்தால் குடித்தார்.

முதல்நாள் சாப்பிட உட்கார்ந்தபோது பொடிசு தட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். பழக்கம்.

"வாய் அசையுது," என்றாள் அண்ணி.

"சத்தம் வரலியே அண்ணி."

"வாயை அசைக்காம சாப்பிடு."

"அசைக்காம எப்படி அண்ணி சாப்பிடறது?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். அதன் பிறகு பொடிசு உதட்டையும் அசைப்பதில்லை. துணி பிழியும்போது மனசுக்குள் பேசிக்கொள்வாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் நடந்ததை அந்த வீட்டில் யாரும் எடுத்துப் பேசவில்லை. பேசத் தேவையில்லை, மூன்று பேருக்கும் அது நேற்று நடந்ததுபோல்தான். பொடிசு அப்போது ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இல்லத்தில் ஒரு நர்ஸ் அவளைச் சபைக்குக் கூட்டிப்போயிருந்தாள். யாருமே தன்னைத் தேடாத ஒருத்திக்கு, தன்னைத் தேடி ஒருவர் வந்தார் என்ற செய்தி எப்படி இருக்கும்? தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சமயத்தில் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டு இதே பின்னறையில் கிடந்தாள். காலம் குறைவு, உன் தாயின் ஆத்துமா உன் பொறுப்பு என்று சபையில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு காலை வேளையில் பொடிசு அம்மாவின் காதருகே குனிந்து, "அம்மா, இப்பவே அவரை ஏத்துக்கோ. இல்லேன்னா அக்கினிதான்," என்றாள்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் விரிந்துபோயிற்று. "தீயா? என்னையா? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். அண்ணியைப் பார்த்துக் கேட்டாள், அண்ணனைப் பார்த்துக் கேட்டாள், மருந்து கொண்டுவந்த கடைக்காரனைப் பார்த்துக்கூடக் கேட்டாள். "ஒண்ணும் இல்ல அத்தை, ஒண்ணும் இல்ல," என்று அண்ணி கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் ஆகும்முன் அம்மா அடங்கிவிட்டாள். பயத்தோடு போனாள். அடக்கம் முடிந்து திரும்பியதும் அண்ணன் பொடிசின் பையை எடுத்துவந்து தெருவில் வைத்தார். திட்டவில்லை. வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அவள் நம்பிக்கையை விடவில்லை. விட்டால் போக வேறு இடமும் இல்லை. ஆனால் அதைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதை அன்றோடு விட்டாள். சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பேர். எத்தனை பேருக்குச் சாப்பாடு கட்டவேண்டும், யார் வீட்டுக் கிழவிக்கு நகம் வெட்டவேண்டும் என்பதற்கு அவளைத் தேடுவார்கள். மற்றபடி கடைசி பெஞ்சு.

நான்காம் நாள் அண்ணன் பேசினார். மெத்தையைப் பற்றி.

பொடிசு அவரை நேராகப் படுக்கவைத்துவிட்டு, "வால் எலும்பு கீழ அழுத்துது. இந்த மெத்தை பள்ளம் விழுந்துபோச்சு," என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது பஞ்சு," என்றார் அண்ணன் உத்தரத்தைப் பார்த்தபடி. "பஞ்சு அமுங்கத்தான் செய்யும்."

பொடிசு அவர் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல ஓட்டை போட்டுட்டா?" என்றார்.

"கூடாது அண்ணா. ஓட்டையோட ஓரம் சுத்தி அழுத்தும். அந்த இடத்துல ரத்தம் ஓடாது. புண்ணு பெரிசாகும்."

"ஓரத்தைச் சரிவா வெட்டினா?"

பொடிசு யோசித்தாள். "சரிவா இருந்தாலும் ஒரே இடத்துல இருக்கும். இடம் மாறிட்டே இருக்கணும்."

அண்ணன் விரிப்பின்மேல் விரலால் குறுக்குக் கோடு போட்டுப் பார்த்தார். "அப்ப துண்டு துண்டா பண்ணு. குறுக்கால ஏழு துண்டு. கீழ கெட்டி நுரை, மேல மெத்து நுரை. எந்தத் துண்டை வேணும்னாலும் உருவற மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் தனி உறை. ஏய், அந்த நீளக் கத்தி எங்கே?"

ஏய் என்றது அண்ணியை. அண்ணி கத்தியைத் தேடி எடுத்துவந்தாள். பட்டறைக் கதவை அகலத் திறந்து, கட்டிலை அவர் பார்க்கிற மாதிரித் திருப்பிப் போட்டார்கள். பொடிசு டேப்பால் அவர் உடம்பை அளந்தாள்: தோள், இடுப்பு, தொடை, கெண்டைக்கால். அண்ணி சாக்கட்டியால் கோடு போட்டாள்.

"கத்தியை அழுத்தாதே. இழு. அழுத்தினா நுரை குழிஞ்சு வெட்டு கோணலாகும்."

"தெரியும்," என்றாள் அண்ணி.

"தெரிஞ்சா இது ஏன் இப்படி வருது?"

"நீங்க பாக்கறதால."

உறைக்கு ரெக்ஸின் எடுத்தாள் அண்ணி. "அதைப் போடாதே, வேர்க்கும். பருத்தித் துணி போடு," என்று அங்கிருந்தே குரல் வந்தது. மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. மிஷின் ஓட, நுரைத்தூள் முடியில் ஒட்ட, மூவரும் பகல் பூராவும் வேலை செய்தார்கள். மத்தியானம் நின்றவாக்கிலேயே ரொட்டியும் டீயும். சாயங்காலம் புது மெத்தையில் அவரைக் கிடத்தி, இடுப்புத் துண்டை மட்டும் உருவியபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "எத்தனையோ பேருக்கு மெத்தை தச்சேன். இதுதான் உருப்படியான வேலை," என்றார். பிறகு, "பொடிசு, தண்ணி குடு," என்றார்.

அவள் தம்ளரை அவர் வாயருகே பிடித்தாள். பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் பேரை அந்த வாயிலிருந்து கேட்டாள்.

மூன்று வாரம் போயிற்று. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. ஆனால் ஆள் தேய்ந்துகொண்டே போனார். புண் ஆறும் வேகத்தைவிடக் கட்டி பரவும் வேகம் அதிகம் என்று பொடிசுக்குத் தெரியும்.

சபையிலிருந்து கீபோர்டு அக்கா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு வாசிப்பவள் என்பதால் அந்தப் பேர். நல்ல மனசு. குரல்தான் எப்போதும் மைக் பிடித்த மாதிரி இருக்கும்.

"சொல்லிட்டியா?"

"இல்லக்கா. வாக்கு கொடுத்திருக்கேன்."

"மனுஷங்களுக்குக் கொடுத்த வாக்கு பெரிசா? ஆண்டவர் வாசலைத் திறந்து உன்னை உள்ள அனுப்பியிருக்காரு. நீ வெறும் பீத்துணி அலசிட்டு வரவா போன? நாளைக்கு அவரு உன்னைக் கேட்டா என்ன சொல்லுவ?"

"பீத்துணி அலசினேன்னு சொல்லுவேன்."

அக்கா "உனக்காக ஜெபிக்கிறோம்," என்று வைத்துவிட்டாள். பொடிசு ஈர விரிப்புகளுக்கு நடுவே நின்றாள். இந்த வீட்டில் அவள் நம்புவதைச் சொல்லக்கூடாது. அந்தச் சபையில் அவள் பயப்படுவதைச் சொல்லமுடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒண்டிக்கொள்ள அவளுக்கு ஒரு சுவர் இல்லை. துணி பிழியும்போது மனசுக்குள் பேசுகிற வார்த்தைகூட அன்றைக்கு வரவில்லை. பிழிந்தாள், உதறினாள், கயிற்றில் போட்டாள்.

மறுநாள் அண்ணி தைத்துமுடித்த நாற்காலி மெத்தைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். பொடிசு அண்ணனுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குச் சோப்பு தடவும்போது அவர் கேட்டார்.

"அம்மாகிட்ட சொன்னியே. இப்பவும் அதை நம்பறியா?"

சோப்பு தடவிய கை நின்றது.

"அண்ணா, நான் அதைப் பத்திப் பேசறதில்லேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

"நான்தானே கேக்கறேன்."

"அண்ணிகிட்ட கொடுத்தது."

"நல்லா இருக்கு உன் நியாயம். அன்னைக்கு யாரும் கேக்காம சொன்ன. இன்னைக்குக் கேட்டும் சொல்ல மாட்டேங்கற." அவர் குரல் உயரவில்லை. "எனக்கும் நாள் நெருங்குதுன்னு தெரியும். ராவெல்லாம் அம்மா மூஞ்சிதான். தீயா, என்னையான்னு கேட்டாளே. அவளுக்கு யாரும் பதில் சொல்லல. எனக்கு யார் சொல்லுவா?"

பாதி முகத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. பொடிசு அதைத் துடைத்து, திரும்பத் தடவி, மிச்சத்தை மழித்தாள். கை பிசகவில்லை. பின் முன்கூடத்துக்குப் போய்ப் பட்டறை வாசலில் நின்றாள். அண்ணி வரும்வரை அங்கேயே நின்றாள்.

அண்ணி குடையை மடக்கும்போதே பொடிசு சொல்லிவிட்டாள். "அண்ணன் கேக்கறாரு. நான் இன்னும் எதுவும் சொல்லல. நீங்க வேண்டாம்னா சொல்லமாட்டேன்."

அண்ணி குடையை மூலையில் சாய்த்தாள். மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தைக்கவில்லை.

"அத்தை கை என் கைக்குள்ளதான் இருந்துச்சு," என்றாள். "எப்படிப் பிடிச்சா தெரியுமா? நகம் பதிஞ்சு ரத்தம் வந்துச்சு. நீ அப்ப பக்கத்துல முட்டி போட்டுக் கண்ணை மூடிட்டு இருந்த. உனக்கு அது தெரியாது."

"தெரியாது அண்ணி."

"நான் உன் சாமியை வெறுக்கல. எனக்கு அவரைத் தெரியாது. தெரியாத ஆளை எப்படி வெறுக்கறது? உங்க அண்ணன் கையும் அப்படி என்னைப் பிடிச்சிடுமோன்னுதான் பயம். அதை என்னால இன்னொரு தரம் தாங்கமுடியாது."

பொடிசு தலையை அசைத்தாள்.

"பேசு," என்றாள் அண்ணி கடைசியில். "நானும் கூட இருப்பேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சுன்னா நிறுத்தச் சொல்லுவேன். நிறுத்திடணும்."

அண்ணன் கட்டிலின் ஒரு பக்கம் பொடிசு, மறுபக்கம் அண்ணி. புரட்டிப்போடும்போது நிற்கிற மாதிரியே நின்றார்கள். இத்தனை வருஷம் பேசாமலிருந்த வாய். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இல்லத்தில் நர்ஸ் சொன்னதும், சபையில் கேட்டதும், அழகழகான வாக்கியங்களாக ஞாபகம் வந்தன. அவற்றில் எதுவும் இந்த மனுஷனுக்கு உதவாது என்று தோன்றியது.

"நான் அன்னைக்கு அம்மாகிட்ட சொன்னது எனக்குத் தெரிஞ்சதை இல்ல அண்ணா," என்றாள். "மத்தவங்க சொல்லிக் கேட்டதை. எனக்குத் தெரிஞ்சது வேற. எனக்கு யாருமே இல்லேன்னு நான் கிடந்தப்ப ஒருத்தர் என்னைப் பாத்தாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைத்தான் அம்மாகிட்ட சொல்லியிருக்கணும். எனக்குப் பயம். அம்மாவை விட்டுப் பிரிஞ்சிடுவேனோன்னு. என் பயத்தைத் தூக்கி அவ தலைல போட்டேன்."

"அம்மா இப்ப எங்கே?"

"தெரியாது."

"தீயிலயா?"

"தெரியாதுண்ணா. எனக்குத் தெரிஞ்ச அவரு, மூச்சு முட்டிக் கிடக்கற ஒரு வயசானவளை அப்படிச் செய்யற ஆள் இல்ல. அவர் கையில அம்மாவை விட்டுட்டேன். அவருக்கு நம்மளைவிட அம்மா மேல பாசம் ஜாஸ்தின்னு நம்பறேன். நம்பறேன், அவ்வளவுதான். சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது." விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "நான் பண்ணது தப்பு. உன்கிட்ட, அண்ணிகிட்ட, ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும்னு இருந்தேன். மன்னிச்சிடு."

அண்ணி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரியும் ஆகவில்லை.

"அப்ப இத்தனை நாளா துணி அலசும்போது யார்கிட்ட பேசிட்டு இருந்த?" என்றார் அண்ணன். "உதடு மூடியிருந்தாலும் தொண்டை அசையுது. நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"அவர்கிட்டதான்."

"என்னைப் பத்தியா?"

"உன் புண்ணைப் பத்தி."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, இருவரும் அவரைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இருமல் அடங்கியதும், "சரி, அதைப் பேசிக்கோ. சத்தமா வேண்டாம்," என்றார். "என்னை எதுலயும் சேர்க்காதே. நான் ஒண்ணும் மாறல."

"சரிண்ணா."

"அந்தத் துண்டை உருவு. இடுப்பு வலிக்குது."

இடுப்பில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. இருந்தாலும் உருவினாள்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்று சொல்லமுடியாது, வலி அதிகமாயிற்று. ஆனால் விழித்திருக்கும்போது அம்மாவிடம் செய்த சேட்டைகளை எல்லாம் எடுத்துச் சொன்னார். தங்கையும் அவருமாக அம்மாவின் கண்ணாடியை ஒளித்துவைத்த கதை, அம்மா கண்ணாடி இல்லாமலே இருவரையும் துரத்திப் பிடித்த கதை. அண்ணி, "இதெல்லாம் எனக்குச் சொல்லவே இல்லையே," என்றாள்.

அந்தப் பேச்சு நடந்த ஒன்பதாம் நாள் முற்பகலில் கட்டுத்துணி தீர்ந்துபோயிற்று. மருந்துக்கடை தெருக்கோடியில்தான். பொடிசு போய்விட்டுத் திரும்பக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். பட்டறைக்குள் நுழையும்போதே மிஷின் சத்தம் இல்லாததைக் கவனித்தாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் கையை மடியில் வைத்திருந்தாள். அந்தக் கை தளர்ந்து விரிந்து கிடந்தது. பொடிசு கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். இத்தனை வேளை பக்கத்தில் இருந்துவிட்டு, அந்த ஒரு கால்மணி நேரம் இல்லாமல் போய்விட்டாள். உட்கார நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தாள்.

அடக்கத்துக்கு மகனால் வரமுடியவில்லை. கப்பல் நடுக்கடலில் இருந்தது. சபையிலிருந்து கீபோர்டு அக்காவும் இரண்டு பேரும் வந்து ஓரமாக நின்றார்கள். அக்கா பொடிசின் கையைப் பிடித்து, "ஏத்துக்கிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியலக்கா."

"கேக்கலியா?"

"இல்ல."

அக்காவின் கண் கலங்கியது. அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். அந்த வருத்தத்தில் பொடிசுக்கு இடமில்லை. அது அண்ணனின் ஆத்துமாவுக்கானது, அண்ணனை இழந்தவளுக்கானது அல்ல. அக்கா போன பிறகு பொடிசு எல்லா விரிப்புகளையும் வெந்நீரில் போட்டு அலசினாள். மறுநாள் மழை விட்டிருந்தது. விரிப்புகள் மத்தியானத்துக்குள் காய்ந்தன. மடித்து அடுக்கினாள். செய்வதற்கு அந்த வீட்டில் வேறு வேலை இல்லை.

"இரு" என்று அண்ணி சொல்லவில்லை. "இருக்கட்டுமா" என்று பொடிசும் கேட்கவில்லை. பையை எடுத்ததும் அண்ணி பட்டறையைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"நீ மருந்துக்கடைக்குப் போயிருந்தப்ப," என்று அண்ணி தொடங்கினாள். "மூச்சு மாறிச்சு. என் கையைப் பிடிச்சாரு. அத்தை பிடிச்ச மாதிரியே. எனக்கு உசிரே போயிடுச்சு. 'பொடிசு எங்கே, அவளைச் சொல்லச் சொல்லு'ன்னாரு. எனக்கு என்ன தெரியும்? நீ அன்னைக்குச் சொன்னதுதான் வாய்ல வந்துச்சு. 'பயப்படாதீங்க. நம்ம பொடிசுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காருல்ல, அவரு உங்களைப் பாத்துக்குவாரு, அத்தையையும் பாத்துக்குவாரு'ன்னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். பிடி தளர்ற வரைக்கும்."

பொடிசு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள். நகம் பதிந்த தடம் எதுவும் இல்லை.

"நான் அதையெல்லாம் நம்பல," என்றாள் அண்ணி. "நம்பாம சொன்னேன். அது தப்பா?"

"தப்பில்ல அண்ணி."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. பொடிசு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அண்ணி அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவருக்குக் கேட்டிருக்குமா?"

அண்ணனைச் சொல்கிறாளா, மற்றவரைச் சொல்கிறாளா என்று பொடிசுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"கேட்டிருக்கும்," என்றாள்.

பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணி பூட்டிய பட்டறையை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். தெருவில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் உதடு அசைந்ததா இல்லையா என்பது அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை.